பல்செட்டம்மாவின் கட்டில்

“நான் கேட்டது கட்டில், தம்பி. நீங்க அனுப்பிக்கிட்டு இருக்கறது காரணம்.”

காலையில் கடை திறந்து நான் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிடுவதற்குள் இந்த வாக்கியம் போனில் வந்துவிடும். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒருமுறை வரும். ஷட்டர் இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு முறை. சொல்லும் ராகம்கூட மாறாது. ‘கட்டில்’ என்ற இடத்தில் மேசையைத் தட்டுவதுபோல ஓர் அழுத்தம், ‘காரணம்’ என்ற இடத்தில் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. மூன்றாம் நாளே அதை நான் அப்படியே பேசிக் காட்டினேன். கீழே பார்சல் கட்டுகிறவர்கள் படியேறி வந்து கேட்டுவிட்டு, “இன்னொரு தடவ, இன்னொரு தடவ” என்றார்கள். நானும் சொன்னேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தால் காது சூடாகிறது.

நான் வேலை பார்த்தது ஒரு மரச்சாமான் கடையில். மாடியில் ‘வாடிக்கையாளர் சேவைப் பிரிவு’ என்று பித்தளை எழுத்தில் போர்டு உண்டு. பிரிவு என்றதும் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இருந்தது நான், ஒரு மேசை, ஒரு போன், அப்புறம் கால் ஒடிந்து திரும்பி வந்த நாற்காலிகள். வேலை கேட்டுப் போன அன்று முதலாளி, “உனக்கு என்னப்பா தெரியும்?” என்றார். அவர் குரலிலேயே “உனக்கு என்னப்பா தெரியும்?” என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, “நாளைக்கே வந்துடு, ரேடியோ” என்றார். அன்றிலிருந்து கடையில் எனக்கு அதுதான் பெயர்.

முதலாளி போட்ட திட்டம் எளிமையானது. சாமான் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் முதலில் நான் பேசுவேன், தேன் தடவிய குரலில். ஒத்துக்கொள்ளவில்லையா, “குடோனுக்கு மாத்தறேன், லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டு ஒரு மெட்டு முனகுவேன். அதுதான் எங்கள் கடையின் காத்திருப்பு இசை. பிறகு குடோன்காரர் வருவார்: தொண்டை கட்டிய குரல், வாயில் எப்போதும் எதையோ மெல்லுவார். அதற்கும் அடங்காதவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறவர். அவர் எந்நேரமும் காற்றடிக்கும் இடத்தில் நிற்பார். காற்று என்பது நான் போன் பக்கத்தில் ஆட்டும் காகிதம். கடைசியாக மேனேஜர். நிதானமான அடிக்குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் “ம்…” என்று யோசிப்பார். மேனேஜர் பேசினால் எப்பேர்ப்பட்ட கோபமும் அடங்கும். அந்த மனிதர்மேல் எனக்கே ஒரு மரியாதை இருந்தது.

ஒரே ஒரு கண்டிப்பு. “மன்னிப்புன்னு மட்டும் வாயைத் திறக்காத” என்பார் முதலாளி. “மன்னிப்பு கேட்டா தப்பு நம்மளோடதுன்னு ஆயிடும். வருந்துகிறோம்னு சொல்லு. வருத்தம் யாருக்கு வேணும்னாலும் வரலாம்.”

அந்தக் கட்டில் வாக்கியத்துக்குச் சொந்தக்காரரான பல்செட்டம்மா நாலு பேரிடமும் பேசியவர். மெட்டு முடியும்வரை காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க மாட்டார், தானாகவே பேசிக்கொண்டிருப்பார். நான் முனகிக்கொண்டே கேட்பேன். அவருடைய பாதி வாழ்க்கை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பல் டாக்டர் ஒருவரிடம் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். டாக்டருக்குப் பல் பிடுங்குவதில் இருந்த ஆர்வம் பல் கட்டுவதில் இல்லை. அச்சு எடுத்து வைத்துவிட்டு மறந்துவிடுவாராம். காத்திருக்கும் பொக்கை வாய்களைப் பார்க்கப் பொறுக்காமல் இவர் மெழுகைக் கையில் எடுத்திருக்கிறார். இப்போது தான் குடியிருக்கும் மாடி அறையிலேயே சொந்தமாகப் பல்செட் செய்கிறார். “இந்தத் தெருவுல பாதிப் பேர் சிரிச்சா, அது என் கைவேலை. மீதிப் பேருக்கு இன்னும் வயசாகல” என்பார். கல்யாணமாகி நாலாவது வருடம் கணவர் ஒருநாள் வேலைக்குக் கிளம்பிப் போனார், போனவர்தான். “அவர்கிட்ட மட்டும்தான் நான் காரணம் கேக்கல. கேட்டிருந்தா உங்க கடை மாதிரி தினம் ஒண்ணு அனுப்பியிருப்பாரு.”

அதன்பின் அவருக்கு இருந்தது ஓர் அண்ணன். லாரி ஓட்டியவர். தங்கைக்காகவே பக்கத்துத் தெருவில் வீடு பார்த்துக் குடிவந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, செயற்கை மூட்டு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். தங்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் முழங்காலுக்கு மேலே உயரமான கட்டில் வேண்டும், தாழ்ந்த கட்டிலில் உட்கார்ந்து எழுந்தால் போட்ட மூட்டு கழன்றுவிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். கட்டில் சரியில்லை என்றால் அண்ணன் போக வேண்டியது பராமரிப்பு இல்லத்துக்கு. அவரோ, “அங்க என்னை அனுப்பினா நான் பேசறதை நிறுத்திடுவேன்” என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் அப்படிச் சொன்னதில்தான் பல்செட்டம்மா பயந்துபோனார்.

எட்டு நாளில் கட்டில் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். ஏழாவது நாள் கட்டில் வந்தும் விட்டது. அன்று ஒருவர் சொந்த வண்டியோடு கடைக்கு வந்து அதே கட்டிலைப் பார்த்து ஆசைப்பட்டார். முதலாளி கொடுத்துவிட்டார். “அந்தம்மாவுக்குச் சொன்ன கட்டிலாச்சே?” என்று கேட்டேன். “நேர்ல வந்து நிக்கறவரை எப்படிப்பா நிக்க வைக்கறது? போன்ல இருக்கறவங்களை நிக்க வைக்கலாம். அதுக்குத்தானே நீ இருக்க.”

நிற்க வைத்தேன். குடோன்காரர், “மரம் காயலம்மா” என்றார். வண்டிக்காரர் காற்றுக்கு நடுவே, “பாலத்துல வேலை நடக்குதும்மா” என்றார். ஒருநாள் பல்செட்டம்மா கேட்டார்:

“ஏன் தம்பி, உங்க கடையில வேலைக்குச் சேரணும்னா முன்பல்லுல சந்து இருக்கணுமா?”

“ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?”

“எல்லாருக்கும் ‘ச’ சொல்லும்போது காத்து போகுது.”

என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. குச்சி நுழையும். சமாளித்துச் சிரித்துவிட்டு, அன்று மாலை இதையும் அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். நல்ல கைதட்டல்.

பன்னிரண்டாம் நாள் மதியம் பார்சல்காரர்கள் மூன்று பேர் மாடியில் என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. “உன் ஆளுதான், ஸ்பீக்கர்ல போடு” என்றார் ஒருவர். போட்டேன். நேராக மேனேஜருக்கே போனேன். அன்று மேனேஜர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“ம்… உங்க அண்ணனை நெனச்சுப் பாக்கறேன்மா. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. ம்… நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கட்டில் உங்க வீட்ல இருக்கும். என் வார்த்தை.”

எதிர்முனையில் அவர், “இப்பத்தான் சார் அந்தக் கடையில ஒரு மனுஷன் கிடைச்சாரு. நீங்க நல்லா இருக்கணும்” என்றார். குரல் உடைந்திருந்தது. பார்சல்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கச் சோற்று உருண்டையை வாயில் திணித்துக்கொண்டார். குடோனில் அந்த உயரத்தில் கட்டிலே இல்லை என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். கைதட்டலுக்காகச் சொன்னேன். இதற்கு மேல் நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் ஒன்பது நாள் அவர் கூப்பிடவே இல்லை. கூப்பிடாதது நிம்மதியாக இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் கட்டில் வந்தது. அன்று வண்டியில் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். “ரேடியோ, நீ போ. திருப்தின்னு கையெழுத்து வாங்கிட்டு வா” என்றார் முதலாளி. மேசைப் போனுக்கு வரும் அழைப்புகளை என் கைபேசிக்கே வரும்படி திருப்பிவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போகும்போதே முடிவு செய்துகொண்டேன்: அங்கே வாயைத் திறக்கக் கூடாது, தலையை ஆட்டினால் போதும்.

குறுகலான படி. கட்டில் பலகைகளைத் தலைக்கு மேலே பிடித்து ஏற்றினோம். கதவைத் திறந்தவர் நான் நினைத்ததில் பாதி உயரம்தான் இருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில், விரலெல்லாம் வெள்ளை மாவு. “பாத்து வாங்க, பல்லை மிதிச்சுடாதீங்க” என்றார்.

தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வரிசையாகத் தாடை அச்சுகள். மேல்தாடை, கீழ்த்தாடை, பாதி பல் வைத்தது, வைக்காதது. நடுவே ஒரு மணையும் ஒரு மெழுகு அடுப்பும். அவருடைய வேலை மேசை சுவரோரம் நீளமாக இருந்தது. அதன்மேல் மெத்தை போட்டு ஒரு பெரிய மனிதர் படுத்திருந்தார். விழாமலிருக்க இரண்டு நாற்காலிகளை மேசையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில், மேசையோடு திருகி வைத்திருந்த பல் ராவும் மோட்டார். அதைக் கழற்ற முடியாததால் அவர் தலையைச் சற்று ஒதுக்கிப் படுத்திருந்தார்.

“வந்துடுச்சா?” என்றார் அண்ணன். என்னைப் பார்த்து, “தம்பி, உங்க கடையில அந்த மேனேஜர் மட்டும் நல்ல மனுஷன்பா. அவர் வார்த்தை குடுத்தாருன்னுதான் மறுநாள் காலைலயே இவ என்னை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்துட்டா. அப்புறம் என்ன ஆச்சோ. இவளும் வெறுத்துப்போய்க் கூப்பிடறதை விட்டுட்டா. பெரிய கடை, அவரு ஒருத்தரு என்ன பண்ணுவாரு. கேட்டதா சொல்லு.”

நான் தலையை ஆட்டினேன்.

“நாலு மணிக்கு நர்ஸ் வராங்க” என்றார் பல்செட்டம்மா, அட்டைப்பெட்டியைப் பிரித்தபடியே. “போன தடவ வந்தப்பவே கட்டில் இல்லன்னு எழுதியிருப்பாங்க. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் வாங்கியிருக்கேன். இன்னிக்கு எழுதிட்டா எங்க அண்ணன் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.”

பெட்டியில் தலைப்பலகை இருந்தது, சட்டம் இருந்தது, திருகாணிப் பொட்டலம் இருந்தது. கால்கள் இல்லை. டிரைவர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். “கால் தனிப் பெட்டியில வரும்மா. அது வேற லோடு. எனக்கு இன்னும் மூணு எடம் இருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் மட்டும் தாடைகளுக்கு நடுவே நின்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பல்செட்டம்மாவின் போன் அடித்தது. பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர். அன்றைக்கு அவருக்குப் புதுப் பல் தருவதாக இவர் சொல்லியிருந்தாராம். எந்தச் சாக்கு வரும் என்று காத்திருந்தேன். சாக்குகள்தான் எனக்குத் தெரிந்த தொழில். இந்த வீட்டில் அவை குவிந்து கிடந்தன. உடைந்த இடுப்பு, பறிபோன மேசை, வராத கட்டில். எதைச் சொன்னாலும் நிஜம்.

“ஐயா, பல்லு இன்னிக்கு இல்ல” என்றார் பல்செட்டம்மா. “தேதி சொன்னது நான், தவறினதும் நான். வியாழக்கிழமை நானே பஸ் நிலையத்துக்கு வந்து மாட்டி விடறேன். திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்கறேன்.” உண்மையிலேயே கேட்டுக்கொண்டு நின்றார். எதிர்முனை கத்துவது எனக்கே கேட்டது. பல் இல்லாமல் கத்துவதால் ஒன்றும் புரியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, “சரிங்கய்யா, நியாயந்தான்” என்று வைத்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் தேதி தவறியது அதுதான் முதல் தடவை என்று அண்ணன் மேசைமேலிருந்து சொன்னார்.

“சரி, உங்க மேனேஜரைக் கூப்பிடு தம்பி. கால் எங்கேன்னு கேளு.”

“அவரு… அவர் சாப்பிடப் போயிருப்பாரும்மா. சாயங்காலம் சொல்றேன்.”

அவ்வளவுதான் பேசினேன். அவர் கையிலிருந்த பெட்டி மூடியைக் கீழே வைத்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை; வாயைப் பார்த்தார்.

“சாயங்காலம்னு இன்னொரு தடவ சொல்லு.”

நான் உதட்டை மூடிப் பல்லை மறைத்தேன். அவர் தன் போனை எடுத்துக் கடையின் எண்ணை அழுத்தினார். என் சட்டைப்பை அடித்தது.

அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தக் கை வரவில்லை.

“எடு” என்றார். “மேனேஜர்தானே. எடுத்துப் பேசு. எங்க அண்ணன் அவரைக் கேட்டதா சொல்லச் சொன்னாரு.”

அண்ணன் மேசைமேல் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தார். “என்னம்மா நடக்குது?”

“ஒண்ணுமில்லண்ணா. இந்தப் பிள்ளைதான் மேனேஜர். குடோன்காரரும் இவன்தான். பாலத்துல நின்ன வண்டிக்காரரும் இவன்தான். எனக்கு ஒருநாள் லேசா சந்தேகம் வந்துச்சு. ஆனா வார்த்தை குடுத்தாரு பாரு, அன்னிக்கு நம்பணும்னு இருந்துச்சு. நம்பணும்னு இருந்தா காதும் கூடச் சேர்ந்துக்குது.”

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்கு என்னிடம் நாலு குரல் இருந்தது.

“தங்கச்சி இருக்குன்னு சொன்னியேப்பா. அதுவுமா?”

“எனக்கு யாரும் இல்லைங்க. நான் ஒரே பிள்ளை.”

அவர் மெதுவாகப் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மோட்டார் இடிக்காமல் அவ்வளவு பெரிய தலையை அவர் திருப்பிய விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. கால் இல்லாத கட்டிலுக்கு முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“நாலு மணிக்குள்ள வந்துடறேன்மா” என்றேன்.

“யாரு சொல்றது?” என்றார் அவர்.

படி இறங்கி ஓடினேன்.

பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். குடோனில் கால் பெட்டி இல்லை. எந்த லோடில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைய லோடில் வந்து முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் பார்வைக்கு நின்ற இன்னொரு கட்டில் அதே வகை. முதலாளி ஒரு புதுத் தம்பதிக்கு அதன் உறுதியை விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரோடு அதன் அடியில் நுழைந்தேன்.

“ரேடியோ, என்னப்பா பண்ற?”

“கால் எடுக்கறேன், சார்.”

“யாரைக் கேட்டு எடுக்கற?”

“வருந்துகிறோம், சார்” என்றேன். அந்தத் தம்பதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் முழுசாகத் தரையில் உட்கார்ந்தது. முதலாளி பின்னால் கத்தியதை நான் இதுவரை யாருக்கும் பேசிக் காட்டியதில்லை.

நாலு கால்களையும் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள், “என்னப்பா இது, கட்டில் எங்க?” என்றார். என்னால் ஒரு குரலும் எடுக்க முடியவில்லை.

மூன்றரைக்குச் சற்று மேல். பல்செட்டம்மா கதவைத் திறந்துவிட்டுத் தாடை அச்சுகளை ஓரம் தள்ளி இடம் செய்தார். நான் திருகினேன், அவர் பிடித்தார். ஒரு திருகாணி சரியாக ஏறவில்லை என்று அவர் என் கையிலிருந்து வாங்கித் தானே ஏற்றினார். அண்ணனை இறக்கும்போது அவர் கை என் தோளில் முழுப் பாரத்தோடு விழுந்தது. “கனமா இருக்கேனா?” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இல்லைங்க.”

“பொய் சொல்லாத.”

“கனந்தாங்க.”

நாலேகாலுக்கு நர்ஸ் வந்தார். அளவு நாடாவைத் தரையிலிருந்து மெத்தைவரை பிடித்தார். அண்ணனை உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். காகிதத்தில் ஏதோ எழுதினார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். “இங்கயே இருக்கட்டும். அடுத்த மாசம் வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பல்செட்டம்மா மணையில் உட்கார்ந்துவிட்டார். காலி மேசையை ஒரு கையால் தடவினார். அண்ணன் கட்டிலில் சாய்ந்து, அறையை முதல் தடவையாகப் பார்ப்பவர்போலச் சுற்றிலும் பார்த்தார். திருப்திப் படிவம் என் பின்பையில் மடிந்து கிடந்தது. அதை எடுக்கவில்லை.

“அம்மா, என்னை மன்னிச்சுடுங்க” என்றேன். எந்தக் குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை. தேனும் இல்லை, காற்றும் இல்லை; பாதியில் கீச்சென்று போனது.

அவர் வாய் திறப்பதற்குள் என் சட்டைப்பை மறுபடி அடித்தது. கடைக்கு யாரோ கூப்பிடுகிறார்கள். எடுக்காமல் பையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அழுத்த அழுத்த அது நெஞ்சில் அதிர்ந்தது. பல்செட்டம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எடு தம்பி. அவங்களும் என்னை மாதிரி எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கறவங்கதான். எனக்காவது உன்னை நேர்ல நிக்க வெச்சு நாலு வார்த்தை கேக்க முடிஞ்சுது, மனசு கொஞ்சம் ஆறிடுச்சு. அவங்களுக்கு அந்தக் குடுப்பினையும் இல்ல. எடுத்து, யாரு பேசறதுன்னு மட்டும் மொதல்ல சொல்லிடு. அப்புறம் எப்ப வரும்னு சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. மன்னிக்கறதைப் பத்தி நான் மெதுவா யோசிச்சுச் சொல்றேன், அவசரமில்ல. நீங்க எனக்கு இருபத்திரண்டு நாள் எடுத்துக்கிட்டீங்க, நான் கொஞ்சம் கூடவே எடுத்துக்குவேன்.”